வைப்ரேட்டர் செட்ல எத்தனை பீஸ்னு பாக்காதீங்க, எதுல செஞ்சதுன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட உடல்நலப் பக்கத்தை விடாம படிக்கிற வாசகி நான். சுகர், பிரஷர், தைராய்டு, மெனோபாஸ்னு எல்லாம் வருது, தாம்பத்தியம் பத்தியும் டாக்டருங்க நல்லாவே எழுதறாங்க, ஆனா வைப்ரேட்டர்னு அதிர்வு மூலமா பாலியல் சுகம் தர்ற ஒரு பொருள் இருக்கு, அதை நிறைய பேர் வாங்கறாங்க, உடம்போட ரொம்ப மென்மையான இடத்துல வச்சு யூஸ் பண்றாங்க, அதை எப்படி பாத்து வாங்கணும் எப்படி கழுவணும்னு மட்டும் யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. அதனால தெரிஞ்ச வரைக்கும் நானே எழுதறேன், முடிஞ்சா முழுசா போடுங்க. வயசுக்கு வந்தவங்க, கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்க, தனியா இருக்கறவங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன்.

இதெல்லாம் யாரோ சில பேர் சமாச்சாரம்னு நினைக்க வேணாம். அமெரிக்காவுல 18 வயசுலேர்ந்து 60 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்கிட்ட எடுத்த ஒரு ஆய்வு 2009-ல வெளியாச்சு, அதுல பாதிக்கு மேல, 52.5 சதவீதம் பேர், வைப்ரேட்டர் யூஸ் பண்ணியிருக்கறதா சொல்லியிருக்காங்க. யூஸ் பண்ணவங்கள்ல 71.5 சதவீதம் பேருக்கு எரிச்சல், மரத்துப்போறது மாதிரி எந்தத் தொந்தரவும் எப்பவுமே வந்ததில்லையாம். இதை யூஸ் பண்ணா உணர்ச்சியே நிரந்தரமா போயிடும்னு பயமுறுத்தற பேச்சு நிறைய சுத்துது, அதை நம்பாதீங்க. ரொம்ப நேரம் ஒரே இடத்துல ஃபுல் ஸ்பீட்ல வச்சிருந்தா கொஞ்ச நேரம் மரத்த மாதிரி இருக்கும், விட்டுட்டா தானா சரியாயிடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆன்லைன்ல தேடினா தனியா ஒண்ணு வாங்கறதை விட செட்டா வாங்கறதுதான் லாபம்னு தோணற மாதிரிதான் காட்டறாங்க, ஒரு பெட்டிக்குள்ள சின்னது பெரிசு வளைஞ்சதுன்னு அடுக்கி வச்சு, பத்து மோடு இருவது மோடுன்னு பெருசா போட்டு, கலர் கலரா படம் வேற. ஆனா அது எதுல செஞ்சதுங்கற ஒரு வரி எங்கயோ கீழ சின்ன எழுத்துல இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. என்னைக் கேட்டா அந்த ஒரு வரிதான் மொத்தமும், அது இல்லாத செட்டை எவ்ளோ ஆஃபர் போட்டாலும் தொடவே கூடாது.

சிலிகான், ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், போரோசிலிகேட்னு சொல்ற சூடு தாங்கற கண்ணாடி, ஏபிஎஸ்னு சொல்ற கெட்டி பிளாஸ்டிக், இந்த நாலும் நல்லது, ஏன்னா இதுல கண்ணுக்குத் தெரியாத துளைகள் கிடையாது, மேல படிஞ்ச அழுக்கு கழுவினா போயிடும். ஜெல்லி, மென்மையான பிவிசி, ரப்பர், டிபிஇ, டிபிஆர்னு (ரப்பர் மாதிரி மெதுவான பிளாஸ்டிக்) போட்டிருக்கறதெல்லாம் ஸ்பாஞ்ச் மாதிரி, உள்ள போன ஈரமும் கிருமியும் எவ்ளோ கழுவினாலும் முழுசா வெளிய வராது. இன்னொண்ணு, பிவிசி இயற்கையா கெட்டியான பிளாஸ்டிக், அதை மெதுமெதுன்னு ஆக்கறதுக்கு தாலேட்னு ஒரு ரசாயன வகையை சேக்கறாங்க, அதுல சிலது ஹார்மோனை பாதிக்கும்னு சொல்லி ஐரோப்பாவுல குழந்தைங்க விளையாட்டு சாமான்ல 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடே வச்சிருக்காங்க. குழந்தை வாயில வைக்கற பொம்மைக்கு அவ்ளோ கவனம், ஆனா பெரியவங்க உடம்புக்குள்ள போற பொருளை ‘விளையாட்டுக்கு மட்டும்’னு பெட்டி மேல ஒரு வரி போட்டுட்டு கம்பெனிக்காரங்க கை கழுவிடறாங்க, எனக்கு இதை நினைச்சா கோவம்தான் வருது. நல்ல வேளையா 2021-ல ஐஎஸ்ஓ 3533-ன்னு இந்தப் பொருட்களுக்குன்னே ஒரு சர்வதேச தரம் வந்திருக்கு, டிசைன் எப்படி இருக்கணும், பாதுகாப்புக்கு என்ன செய்யணும்னு அதுல இருக்கு. அந்த நம்பரைப் போட்டிருக்கற கம்பெனி கொஞ்சமாவது அக்கறை எடுத்திருக்குன்னு எடுத்துக்கலாம்.

பெட்டியைத் திறந்ததும் மூக்குல ஏறற பெட்ரோல் வாடை, புது ரெக்ஸின் வாடை வந்தா அது நல்ல சிலிகான் இல்ல. தொட்டா எண்ணெய் பிசுக்கு மாதிரி ஒட்டினாலும் அதே கதைதான். நெருப்புல காட்டி டெஸ்ட் பண்ணுங்கன்னு சில பேர் சொல்றாங்க, தயவுசெஞ்சு அதெல்லாம் பண்ணாதீங்க, ஆபத்து, அதுல வர்ற ரிசல்ட்டையும் நம்ப முடியாது.

மெட்டீரியல் விஷயத்துல நான் ஏன் இவ்ளோ அடம் பிடிக்கறேன்னா, 2014-ல ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு, 12 பெண்கள்தான், ஆளுக்கு ரெண்டு வைப்ரேட்டர் குடுத்து, யூஸ் பண்ணதுக்கப்பறமும் கழுவினதுக்கப்பறமும் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸோட தடயம் கழுவின பிறகும் சிலதுல இருந்துச்சு, தெர்மோபிளாஸ்டிக்ல, அதாவது மேல சொன்ன டிபிஇ வகைல செஞ்ச சிலதுல 24 மணி நேரம் கழிச்சும் இருந்துச்சு. இவ்ளோ சின்ன ஆய்வை வச்சு பெருசா முடிவு பண்ண முடியாதுதான், ஆனா ஒருத்தர் யூஸ் பண்ணதை இன்னொருத்தர் யூஸ் பண்ணும்போது சும்மா கழுவிட்டா போதும்னு நினைக்கக் கூடாதுங்கறதுக்கு இது போதும். மேல ஒரு காண்டம் போடுங்க, ஆள் மாறும்போது காண்டத்தையும் மாத்துங்க. பின்பக்கம் யூஸ் பண்ணதை அப்படியே முன்பக்கம் கொண்டு வரவே கூடாது, ஒரே ஆளா இருந்தாலும் சரி, கழுவணும் இல்லன்னா புது காண்டம் போடணும்.

பின்பக்கத்துல யூஸ் பண்றதா இருந்தா அடிப்பாகம் நல்லா விரிஞ்சு அகலமா இருக்கற டைப் மட்டும்தான் வாங்கணும், ஏன்னா ஆசனவாய் தசை பொருளை உள்ள இழுத்துக்கும், பிறப்புறுப்பு மாதிரி முடிவு உள்ள பாதை கிடையாது அது. உள்ள போய் மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அப்படி ஆயிடுச்சுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு வீட்லயே எதையாவது விட்டு எடுக்கப் பாக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க. செட்ல வர்ற வழவழப்பான சின்ன புல்லட் வைப்ரேட்டர் இந்த வேலைக்கு சுத்தமா ஆகாது.

முதல் தடவை வாங்கறவங்க வடிவத்துல குழம்பிப் போயிடறாங்க. பெருசா இருந்தாத்தான் நல்லதுன்னு ஒரு எண்ணம். கிளிட்டோரிஸ், அதாவது பெண்ணுறுப்போட மேல்பக்கம் இருக்கற உணர்ச்சி மொட்டு, வெளிய தெரியறது ஒரு சின்ன நுனிதான், உள்ள ரெண்டு பக்கமும் அது நீளமா பரவியிருக்குன்னு ஆஸ்திரேலிய டாக்டர் ஹெலன் ஓ'கானல் 1998-லயே விளக்கமா எழுதிட்டாங்க. அமெரிக்காவுல நடத்தின இன்னொரு ஆய்வுல, வெறும் உடலுறவு மட்டுமே உச்சத்துக்குப் போதும்னு சொன்ன பெண்கள் 18 சதவீதம் சொச்சம்தான். அப்ப பெரும்பாலானவங்களுக்கு வெளிப்புறமா வச்சுக்கற சின்ன வைப்ரேட்டர்தான் முதல்ல தேவைப்படும், உள்ள போடற பெருசு அப்பறம் வேணும்னா பாத்துக்கலாம். அதனாலதான் ஏழு பீஸ் எட்டு பீஸ் செட் வாங்காதீங்கன்னு சொல்றேன், வெளிய வைக்க ஒண்ணு, உள்ளயும் போடற மாதிரி மெலிசா லேசா வளைஞ்சது ஒண்ணு, ரெண்டுமே முழு சிலிகான், ரெண்டுக்கும் ஒரே சார்ஜர், அப்படி ஒரு செட் கிடைச்சா அதுவே தாராளம். சில பெரிய செட்ல மோட்டார் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், மிச்சமெல்லாம் அது மேல மாட்டற உறைங்க, அந்த உறை மட்டமான ஜெல்லில இருக்கலாம்.

மோட்டாரைப் பத்தியும் சொல்லணும். உள்ள ஒருபக்கமா கனம் வச்ச ஒரு சின்ன எடை சுத்தும், அதுதான் அதிர்வு. சின்ன மோட்டார்ல வேகம் ஜாஸ்தி, கனம் கம்மி, அது ஈ ரீங்கரிக்கற மாதிரி மேலாக மட்டும் கிச்சுகிச்சு மூட்டும், சில பேருக்கு சீக்கிரம் மரத்துப்போகும். கொஞ்சம் பெரிய மோட்டார்ல அதிர்வு ஆழமா இறங்கும். இதுல எது நல்லது எது கெட்டதுன்னு கிடையாது, ஒவ்வொருத்தர் உடம்புக்கும் ஒவ்வொண்ணு, ஆனா மோடு எண்ணிக்கையை விட, ஸ்பீடை ரொம்ப கம்மியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்த முடியுமான்னு பாருங்க, அதுதான் தினசரி உபயோகத்துல உதவும். கை மூட்டு வலி இருக்கறவங்க பட்டன் பெருசா, பிடி நீளமா இருக்கறதா பாத்துக்கோங்க. பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்க காந்த சார்ஜர் உள்ளதை நெஞ்சுப் பக்கம் கொண்டு போகாதீங்க, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

போன் ஆப்ல ஓடற டைப் வாங்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கனடா கம்பெனி ஒண்ணு, வாங்கினவங்க எப்ப யூஸ் பண்றாங்க, எந்த ஸ்பீட்ல யூஸ் பண்றாங்கங்கற தகவலை எல்லாம் ஆப் வழியா சொல்லாமலே சேத்து வச்சதா கேஸ் ஆகி 2017-ல பெரிய தொகை குடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. ஆப் இல்லாமலே பட்டன்ல ஓடுமான்னு பாத்து வாங்கறது நிம்மதி.

லூப்ரிகன்ட், அதாவது வழுவழுப்புக்குத் தடவற ஜெல், கண்டிப்பா வேணும், அதுவும் மெனோபாஸ் ஆனவங்களுக்கு, பால் குடுக்கறவங்களுக்கு எல்லாம் வறட்சி இருக்கும். சிலிகான் வைப்ரேட்டருக்கு சிலிகான் லூப் போட்டா மேல்பரப்பு பிசுபிசுன்னு கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, தண்ணி பேஸ் உள்ளது எல்லாத்துக்கும் ஒத்துக்கும். எண்ணெய், வாசலின் எல்லாம் போட்டுட்டு லேட்டக்ஸ் காண்டம் மாட்டினா காண்டம் கிழிஞ்சுடும். தண்ணி பேஸ்லயும் வித்தியாசம் இருக்கு, அதுல கரைஞ்ச பொருள் ரொம்ப அடர்த்தியா இருந்தா அது தோல் செல்லுல இருக்கற ஈரத்தை உறிஞ்சிடும், அப்பறம் எரியும். உலக சுகாதார நிறுவனம் 2012-ல இதுக்கு அளவு சொல்லியிருக்கு, அந்த அடர்த்தியைக் காட்டற ஆஸ்மொலாலிட்டி 1200-ஐ தாண்டக்கூடாது, 380-க்குள்ள இருந்தா ரொம்ப நல்லது, பிறப்புறுப்புக்கு பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4.5 பக்கத்துல இருக்கணும். அடிக்கடி ஈஸ்ட் இன்ஃபெக்‌ஷன் வர்றவங்க கிளிசரின் இல்லாததா பாத்து வாங்கிப் பாக்கலாம். வாசனை போட்டது, சூடாக்கும் குளிர்ச்சியாக்கும்னு போட்டதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கழுவறது பெரிய வித்தையெல்லாம் இல்ல, ஆனா யூஸ் பண்றதுக்கு முன்னாடியும் கழுவணும் பின்னாடியும் கழுவணும், வெதுவெதுப்பான தண்ணி, வாசனை இல்லாத சாதா சோப்பு, அவ்ளோதான். பட்டன் ஓரம், ஜாயின்ட் வர்ற கோடு, சார்ஜர் ஓட்டையைச் சுத்தி விரல் விட்டுத் தேய்ங்க, அழுக்கு அங்கதான் தங்கும். காரமான ஆன்டிசெப்டிக் லிக்விட் ஊத்தி ஊற வைக்கறவங்க இருக்காங்க, அது பொருள் மேல கொஞ்சம் ஒட்டியிருந்தாலே உள்ளுறுப்புல எரிச்சல் எடுக்கும். மோட்டார் இல்லாத முழு சிலிகான், ஸ்டீல் பீஸை கொதிக்கற தண்ணில சில நிமிஷம் போட்டு எடுக்கலாம், மோட்டார் இருக்கறதை கொதிக்க வைக்கவே கூடாது. பெட்டில ஐபிஎக்ஸ்7-ன்னு இருந்தா ஒரு மீட்டர் ஆழ சாதாரண தண்ணில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், ஐபிஎக்ஸ்4-ன்னா மேல தண்ணி தெறிச்சா தாங்கும், அவ்ளோதான், அதை குழாய் அடியில முக்கிடாதீங்க, ஈரத் துணியில சோப்பு தொட்டு துடைச்சு, அப்பறம் வெறும் ஈரத் துணியில துடைங்க.

நான் இந்தக் கடிதம் எழுத ஆரம்பிச்சதே அடுத்த விஷயத்துக்காகத்தான். யாராவது பாத்துடுவாங்கன்னு அவசர அவசரமா கழுவி, ஈரம் காயறதுக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, துணிக்கு அடியில சொருகிடறாங்க. ஈரம் உள்ளயே அடைபட்டா பூஞ்சை வரும், அடுத்த தடவை அதை அப்படியே யூஸ் பண்ணா அரிப்பு, வெள்ளைப்படுதல்னு போகும், அதையும் வெளிய சொல்ல முடியாம தவிப்பாங்க. பஞ்சு பிரியாத சுத்தமான துணியில துடைச்சு, காத்தாட முழுசா காய வச்சு, காட்டன் பையில போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பை. சிலிகானையும் ஜெல்லியையும் ஒண்ணா போட்டு வச்சா ஜெல்லில இருக்கற ரசாயனம் கசிஞ்சு ரெண்டும் ஒட்டிப்போய் உருகின மாதிரி ஆயிடும், அதனால பெரிய செட்டை வந்த பெட்டியிலயே ஒண்ணா போட்டு வைக்காதீங்க. மறைச்சு வைக்கணும்னா வைங்க, அது உங்க அந்தரங்கம், பூட்டு போட்ட சின்னப் பெட்டி போதும், குழந்தைங்க கைக்கும் எட்டாது, ஆனா காஞ்ச பிறகு வைங்க.

சார்ஜர் போடறதுக்கு முன்னாடி அந்த ஓட்டை நல்லா காஞ்சிருக்கணும். தலைகாணி அடியில, மெத்தை மேல வச்சு சார்ஜ் போட்டுட்டு தூங்கிடாதீங்க. ரொம்ப நாள் யூஸ் பண்ண மாட்டோம்னா பாதி சார்ஜ்ல வச்சுட்டு சில மாசத்துக்கு ஒரு தடவை போட்டு எடுங்க, சுத்தமா காலியா விட்டா லித்தியம் பேட்டரி செத்துடும். சாதா பேட்டரி போடற டைப்னா கழட்டி தனியா வைங்க, உள்ளயே விட்டா ஒழுகி மோட்டார் போயிடும். பாடி உப்பினாலும், சார்ஜ் போடும்போது கை வைக்க முடியாத அளவு சுட்டாலும், சிலிகான் கிழிஞ்சாலும் பிசுபிசுத்தாலும் அதோட நிறுத்திக்கோங்க, குப்பைத் தொட்டியில போடாம எலக்ட்ரானிக் கழிவு வாங்கற இடத்துல குடுங்க.

யூஸ் பண்ண பிறகு எரிச்சல், நாத்தம், ரத்தம், ரெண்டு மூணு நாள் தாண்டியும் வலி இருந்தா டாக்டரைப் பாருங்க, வைப்ரேட்டர் யூஸ் பண்ணேன்னு நேரடியாவே சொல்லுங்க, அது தெரிஞ்சாத்தான் சரியா பாக்க முடியும். கர்ப்பமா இருக்கறவங்க, புதுசா ஆபரேஷன் ஆனவங்க முன்னாடியே கேட்டுக்கோங்க. டாக்டருங்களுக்கும் ஒரு வேண்டுகோள், அப்படி ஒருத்தர் தைரியமா வந்து சொன்னா முகத்தை சுளிக்காதீங்க, இதெல்லாம் எதுக்குன்னு கேக்காதீங்க, என்ன மெட்டீரியல், எப்படி கழுவறீங்க, என்ன லூப் போடறீங்கன்னு கேளுங்க.

ஆசிரியர் அவர்களே, உங்க கேள்வி பதில் பகுதிக்கு இது சம்பந்தமா கடிதம் வந்தா ஒதுக்கி வைக்காம ஒரு மகளிர் மருத்துவர்கிட்ட குடுத்து பதில் வாங்கிப் போடுங்க, பேர் ஊர் போடாம போட்டா நிறைய பேர் எழுதுவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி