தமிழ்நாட்டு ரைஃபிள் கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு கிளப்புக்குப் போன் செய்து, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். கட்டணம், நேரம் எல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள். "எனக்குப் பார்வை கிடையாது" என்றதும் எதிர்முனையில் சிரிப்பு. கிண்டல் இல்லை, நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். அப்புறம், "சார், இது குறி பார்த்துச் சுடுவது" என்று விளக்கினார். கிளப் பெயர் இங்கே வேண்டாம். வேறு எங்கே கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் குறி கேட்டுச் சுடுவோம். (கோடாங்கியிடம் கேட்கும் குறி இல்லை.) துப்பாக்கியில் சைட் (கண் வைத்துக் குறி பார்க்கும் பகுதி) இருக்கும் இடத்தில் ஓர் உணரியைப் பொருத்துவார்கள். இலக்கிலிருந்து வரும் வெளிச்சத்தையோ அகச்சிவப்புக் கதிரையோ அது ஒலியாக மாற்றி ஹெட்ஃபோனுக்கு அனுப்பும். குழல் நடுப்புள்ளியை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். விலகினால் இறங்கும்.

வீட்டில் சோதித்தே பார்த்தேன். தெரிந்த பொறியியல் மாணவர் ஒருவர் சின்னக் குழாய்க்குள் ஒளி உணரியை வைத்து, ஒட்டடைக்குச்சி நுனியில் கட்டி, ஒரு குட்டி ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தார். கூடத்து மூலையில் ஒரு பல்பு. முதலில் குச்சி ஆடிய ஆட்டத்துக்கு ஸ்பீக்கர் கொசுக்கூட்டம் மாதிரி கத்தியது. அரை மணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது: மூச்சு இழுக்கும்போது ஸ்வரம் நழுவுகிறது, விட்டு முடித்த இடத்தில் ஒரு நொடி அசையாமல் நிற்கிறது. விசையை அழுத்த வேண்டிய நொடி அதுதான். பார்வையுள்ளவர்களுக்கும் நீங்கள் இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) போடவும், துப்பாக்கியை இலக்கின் பக்கம் திருப்பிவிடவும் ஓர் உதவியாளர் பக்கத்தில் இருப்பார். குண்டு எங்கே பட்டது என்பதையும் அவரே சொல்லலாம்: "இரண்டு மணியில் எட்டு", அதாவது கடிகாரத்தில் இரண்டு இருக்கும் பக்கம், எட்டுப் புள்ளி. சாப்பாட்டுத் தட்டில் "மூன்று மணியில் பொரியல், ஒன்பதில் ஊறுகாய்" என்று கேட்டே பழகிய எங்களுக்கு இதற்குத் தனிப்பாடம் தேவையில்லை. பாதுகாப்பு விதிகள் எல்லோருக்கும் உள்ளவைதான். கட்டளை வருமுன் விசைமேல் விரல் போகக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ளக் கண் எதற்கு?

குளிர்கால பாராலிம்பிக்கில் பனிச்சறுக்கோடு சுடுதலும் சேர்ந்த பயத்லான் என்ற போட்டி இருக்கிறது. 1992 முதல் அதில் பார்வையற்றவர்களும் கலந்துகொள்கிறார்கள். நெஞ்சு படபடக்கச் சறுக்கி வந்து, பத்து மீட்டர் தூரத்து இலக்கை ஒலி கேட்டே சுடுகிறார்கள். கோடைக்கால பாராலிம்பிக்கில்தான் எங்களுக்கு இடமில்லை. துப்பாக்கி சுடும் வீராங்கனை அவனி லெகரா டோக்கியோவை அடுத்து மீண்டும் தங்கம் வென்றாரே, அந்த 2024 பாரிஸில் நடந்த 13 துப்பாக்கிப் போட்டிகளும் உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கானவை. அது வேறு சண்டை, உங்களோடு இல்லை.

ஓசையை நோக்கி எய்வது நமக்கு ஒன்றும் அந்நியமானதில்லை. குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று நினைத்து அம்பு விட்டவர் தசரதர். அந்தக் கதையிலும் வில் பார்வையுள்ளவர் கையில்தான். பார்வையற்ற பெற்றோருக்குக் கிடைத்தது பிள்ளையைப் பறிகொடுக்கும் வேடம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 30, விளையாட்டுகளில் எங்களைச் சேர்க்க வேண்டும் என்று அரசிடம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட வரவில்லை. வாரத்தில் ஒரு நாள், கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு லேன், பொறுமையுள்ள ஒரு பயிற்சியாளர், அவ்வளவுதான் கேட்கிறேன். உணரிக் கருவியை இரண்டு மூன்று கிளப்புகள் சேர்ந்து ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம்.

அதுவரை என் ஒட்டடைக்குச்சி இருக்கிறது. கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்களும் ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு முயன்று பாருங்கள். பல்பு மட்டும் உங்கள் செலவு.

இப்படிக்கு,
பார்வையற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
மதுரை