செருப்பில் தொடங்கி விளக்குமாறில் முடி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே சின்னவள் வேலை கிடைத்துக் கோவை போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ரைஸ்மில் நாவல் நின்றுவிட்டது, ஒரு வரிகூட ஓடவில்லை என்கிறாய். அந்தப் புலம்பலையே நாலு பக்கம் ஓட்டியிருக்கிறாயே! உனக்கு எழுத வராமல் இல்லையடா. நாவல் என்று நினைத்து உட்கார்ந்தால்தான் கை ஓடமாட்டேன் என்கிறது.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973-இல் ஒரு வழி சொன்னார். பத்து நிமிஷம், பேனாவை எடுக்காமல், அடித்துத் திருத்தாமல் எழுது. ஒன்றும் தோன்றவில்லையா, 'ஒன்றும் தோன்றவில்லை' என்றே எழுது. எழுதும்போதே திருத்தினால் எழுத்து நின்றுபோகும் என்பது அவர் கட்சி. சரிதான். ஆனால் நீ புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன். இஷ்டத்துக்கு எழுது என்றால் முழிப்பாய். உனக்குக் கடிவாளம்தான் சரிப்படும்.

காளமேகத்திடம் 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடித்து முருகன்மேல் வெண்பா கேட்டார்களாம். மனுஷன் 'செருப்புக்கு வீரரை' (செரு என்றால் போர்) என்று போர்க்களத்தில் புகுந்து, தாமரை வண்டிடம் 'விளக்குமாறே' என்று முடித்துவிட்டார். சிவப்பிரகாசர் என்ற புலவர் உதடு ஒட்டாமல் ஒரு அந்தாதியே பாடினார். பெரெக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அந்த மொழியில் அதிகம் புழங்கும் 'e' எழுத்தை விலக்கி 1969-இல் முழு நாவலே வெளியிட்டார். கடைசிச் சொல்லுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று தவிக்கிறவனுக்கு, நன்றாக இருக்கிறதா என்று கவலைப்பட நேரம் ஏது?

அதனால் அப்பா பாத்திரத்தைக் கொஞ்சம் சும்மா விடு. ஒரே பத்தியில் வந்துபோகிறாளே, நெல் அவிக்கிற கிழவி, அவளை வைத்து ஒரு பக்கம். முதல் சொல் 'தவிடு', கடைசிச் சொல் 'சாவி'. மனசில் நினைத்தாள், வருந்தினாள் எல்லாம் கூடாது. கை கால் செய்வது மட்டும்.

உன் ஆலையில் புகுந்து நானே எழுதிப் பார்த்தேன். "தவிடு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு களத்து நெல்லைக் காலால் துழாவிவிட்டாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னும் ஒரு காய்ச்சல் வேணும்" என்று போனது. கடைசியில் பார்த்தால் அவள் இடுப்பில் குடோன் சாவி! முதலாளி வைத்திருப்பது அவளிடம் எப்படி வந்தது? எனக்குத் தெரியாது, உன் கதை, நீ கண்டுபிடி.

எழுதியதை உடனே நாவலில் ஒட்டப் பார்க்காதே. எனக்கு அனுப்பு, போதும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா என்றும் எழுது; வந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
ராகவன்