செல்விக்கு, மேலூரிலிருந்து

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. போனை எடுத்தால் "வேலையா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். சரி, கடிதமென்றால் ஓய்ந்த நேரத்தில் படிக்கலாம். வேளைக்குச் சாப்பிடு. இங்கே அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. மற்றச் சேதி அப்புறம்.

வருகிற 10ஆம் தேதி, இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை முடித்துக்கொண்ட தாஷ்கண்ட் ஒப்பந்த நாள். வருஷா வருஷம் வகுப்பில் நடத்தின பாடம்தான். இந்தத் தடவை அப்போதைய பிரதமர் சாஸ்திரியை நினைத்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. 1965 ஜனவரியில் மதுரையில் இந்தி எதிர்ப்பு பற்றி எரிந்தபோது உன் தாத்தா அவரைத் திட்டாத திட்டில்லை. அதே வருஷம் பாகிஸ்தானோடு சண்டை, அரிசித் தட்டுப்பாடு. ஒரு வேளையை விடுங்கள் என்று சாஸ்திரி கேட்டதும், தாத்தா திங்கட்கிழமை ராத்திரி அடுப்பு மூட்டவிடவில்லை. நான் அழுதுகொண்டே பானகம் குடித்துப் படுத்திருக்கிறேன்.

சண்டையில் நம் படை பிடித்த காஷ்மீரின் ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தர சாஸ்திரிக்கு மட்டும் ஆசையா? இனிப் போர் இல்லை என்று பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் எழுதித் தரட்டும் என்று நின்றார். சோவியத் பிரதமர் கோசிகின் இருவரிடமும் மாறி மாறிப் பேசினார். கடைசியில், தகராறைப் பலத்தால் அல்ல, பேசித் தீர்ப்பது என்ற அளவில் 1966 ஜனவரி 10இல் கையெழுத்தானது. இரு படைகளும் 1965 ஆகஸ்ட் 5இல் நின்ற இடத்துக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் விடியுமுன் சாஸ்திரி அங்கேயே இறந்துபோனார். பிடித்ததைக் கொடுத்துவிட்டாரே என்றுதான் இங்கே பலர் ஏசினார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஏசுவது சுலபம்.

மேலக்கிணற்றுப் பங்கைப் பற்றி உன் மாமியார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். என் மகள் தங்கமென்று எட்டூருக்கும் சொல்வேன். ஆனால் பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினவள், அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பது என்ன நியாயம், தாயி? ஒப்பந்தம் போட்டும் 1971இல் பாகிஸ்தானோடு மறுபடி சண்டை வந்ததே, அந்தப் பாடமும் நான் நடத்தினதுதான். அதுதான் பயம்.

போகிக்கு முந்தி உன் அண்ணன் சீர் கொண்டு வருகிறான். பித்தளைப் பானை அவனே பார்த்து வாங்கினது. கழுத்து கொஞ்சம் கோணல், சொல்லிக்காட்டாதே. வாசலோடு அனுப்பாமல் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடு. நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு.

அம்மா