ஓட்டுப் போடாதவர்களுக்கு அபராதமா? சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

ஓட்டுப் போடாதவர்களின் ரேஷன் கார்டை முடக்க வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். அங்கேயே பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் கோபம் புரிகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. மத்திய சென்னையில் 54-ஐக்கூடத் தொடவில்லை. வாக்குப்பதிவு வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் லீவு என்று ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் மீதிப் பேர் அத்தனை பேரும் அவர்களா? வீடு மாறியவரின் பெயர் பழைய தெருப் பட்டியலிலேயே கிடக்கும். இறந்தவர் பெயரும் சட்டென்று நீங்காது. தேர்தல் வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவைப் பார் என்கிறீர்கள். சரி, பார்ப்போம். 1922 தேர்தலில் அங்கே 60 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஓட்டு விழுந்தது. 1924-இல் கட்டாயச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே 90-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அங்கே தேர்தல் சனிக்கிழமையில்தான் நடக்கும். முன்கூட்டியே போடலாம், தபாலில் போடலாம். சொந்த மாநிலத்துக்குள் எந்தச் சாவடிக்கும் போய்ப் போடலாம். இத்தனையும் செய்து கொடுத்த பிறகும் வராதவரிடம்தான் 20 டாலர் கேட்கிறார்கள். நாம் அந்த 20 டாலரை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்!

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மாநிலத்தில் 2024-இல் மே 13 முதல் ஜூன் 1 வரை நான்கு கட்டமாகத் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட ரயிலேறினால் போக வர எத்தனை நாள் கூலி போகும்? இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள். கட்சிகள் எதிர்த்தன, 2024 தேர்தலுக்கு அது வரவில்லை. இயந்திரத்தின் மேல் சந்தேகம் இருக்கலாம், எனக்கும் உண்டு. அதற்காக அந்தத் தொழிலாளியிடம் அபராதம் கேட்பது என்ன நியாயம்?

குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்டாய வாக்களிப்பை முயன்று பார்த்தார்கள். 2009-இல் மசோதா நிறைவேறியது, 2014-இல்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2015-இல் 100 ரூபாய் அபராதம் என்று விதி போட்டார்கள், அதே ஆண்டு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்று சட்ட ஆணையம் பரிந்துரைத்ததும் அந்த ஆண்டுதான்.

100 ரூபாய் என்பது ஓட்டன்று ஈசிஆரில் கார் ஓட்டிப் போனவருக்கு ஒரு காபிக் காசு. உங்கள் ரேஷன் யோசனை அதைவிட மோசம், சித்தப்பா. அவர் எந்தக் காலத்தில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றார்? அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று சித்தியைக் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்