ஃபோர்சைத் தமிழர்களுக்கு: பொங்கலுக்கு முன் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள தமிழ்ப் பள்ளி, தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அரங்கம் பிடிக்கவும் கரும்பு வரவழைக்கவும் நாடகத்துக்கு ஆள் சேர்க்கவும் அலைந்துகொண்டிருப்பீர்கள். இந்த நேரத்தில் போய் இவ்வளவு நீளமாக எழுதுகிறானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்கப்போவது ஒன்றுதான். அதுவும் பொங்கலை ஒட்டியதுதான்: விழாவில் இந்த ஊரின் வரலாற்றுக்குப் பதினைந்து நிமிடம்.

சென்ற மாதம் தமிழ்ப் பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் மதுரை, கோவை என்று தாத்தா பாட்டி ஊரை எழுதிவிட்டார்கள். என் மகள் பிடிவாதமாக, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்சைத் கவுன்டியில் (மாவட்டம் போன்றது) நாங்கள் வாழும் கம்மிங்கைப் பற்றித்தான் எழுதுவேன் என்றாள். "எங்கள் ஊரில் லேனியர் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிகள் நல்ல பள்ளிகள்." அதோடு பேனாவை வைத்துவிட்டு, "நாம் வருவதற்கு முன்னால் இங்கே யார் அப்பா இருந்தார்கள்?" என்று கேட்டாள். ஜார்ஜியாவில் பதினோரு ஆண்டுகளாக வீட்டு வரி கட்டுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்களுக்கு வீட்டை விற்றவரின் பெயர்தான்.

பிறகு தேடிப் படித்தேன். முதலில் இருந்தவர்கள் செரோக்கி மக்கள். அவர்கள் நிலத்தைக் கூறுபோட்டுத்தான் 1832இல் இந்தக் கவுன்டியையே உண்டாக்கினார்கள். 1838இல் படையை வைத்து அவர்களை மேற்கே துரத்தினார்கள். அது பள்ளிப் பாடத்தில் வருகிறது, மகளுக்கே தெரிந்திருந்தது. பாடத்தில் எளிதில் கண்ணில் படாதது அடுத்த துரத்தல்.

1910 கணக்கெடுப்பில் இங்கே கறுப்பின மக்கள் ஆயிரத்துக்கும் மேல். நிலம் வைத்திருந்தார்கள், தேவாலயங்கள் கட்டியிருந்தார்கள். 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளையினப் பெண் தாக்கப்பட்டு இறந்தாள். பழி கறுப்பின இளைஞர்கள் மேல் விழுந்தது. ராப் எட்வர்ட்ஸ் என்பவரைக் கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்து இழுத்துவந்து கொன்று, கம்மிங் சதுக்கத்தில் தொங்கவிட்டது. எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல் என்ற இரண்டு பதின்வயதுப் பையன்களை அவசர விசாரணை நடத்தி, அக்டோபர் 25 அன்று ஆயிரக்கணக்கானோர் கூடி வேடிக்கை பார்க்கத் தூக்கிலிட்டார்கள். அதோடு முடியவில்லை. இரவுகளில் குதிரையில் வந்தவர்கள் வீடுகளை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள், தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். சில வாரங்களில் ஏறக்குறைய எல்லாக் கறுப்பினக் குடும்பங்களும் வெளியேறிவிட்டன. சிலர் வந்த விலைக்கு விற்றார்கள். விற்க முடியாதவர்களின் நிலம் அக்கம்பக்கத்தார் கைக்குப் போனது.

இடையில் ஒன்று. லேனியர் ஏரிக்கடியில் கறுப்பின ஊர் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது, அதனால்தான் அங்கே பேய் இழுக்கிறது என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொரு கோடையிலும் கதை சுற்றுகிறது. பூஃபோர்டு அணை கட்டி ஏரி நிரம்பியது 1950களில். அந்த மக்கள் துரத்தப்பட்டதோ அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னால். அவர்களை விரட்டியது தண்ணீரும் அல்ல, பேயும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கள்.

பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் இங்கே நிற்கக்கூடாது என்ற எழுதாச் சட்டம் அதன்பின் மூன்று தலைமுறைக்கு நீடித்தது. 1987 ஜனவரி 17, சனிக்கிழமை, கறுப்பின உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சிறு கூட்டம் இங்கே ஊர்வலம் போனபோது கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த சனிக்கிழமை, 24ஆம் தேதி, சுமார் 20,000 பேர் திரண்டு வந்து நடந்தார்கள். அப்படி நடந்தும், 1990 கணக்கெடுப்பில் 44,083 பேரில் கறுப்பினத்தவர் 14 பேர்தான்.

அந்த முதல் ஊர்வலத்தின் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். பொங்கல் வாரம்.

அதன்பின் 400ஆம் நெடுஞ்சாலை வழியாக வந்து சேர்ந்தவர்கள் நாம். 2020இல் மக்கள்தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. ஆறில் ஒருவருக்கு மேல் ஆசியர். நாம் இங்கே வர முடிந்ததே எப்படி? 1965க்கு முன் இந்தியர்களுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். கறுப்பின மக்கள் அடிபட்டு, உதைபட்டு, சிறைக்குப் போய் வாக்குரிமைச் சட்டத்தை வென்றெடுத்த அதே 1965இல்தான், அதே காற்றில்தான், நமக்கான குடியேற்றக் கதவும் திறந்தது. நமக்கு விசா வாங்கித் தந்தது நம் கணக்குப் பாட மதிப்பெண் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு?" என்று ஒரு பொறுப்பாளரே என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், அவருடன் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நாம் வம்புக்கே போகாதவர்களும் அல்லர். பள்ளி எல்லைகளை மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ஒரே இரவில் குழுவில் நானூறு செய்திகள் வந்தன. கல்விக் குழுக் கூட்டத்தில் நின்று பேசினோம். நம் பிள்ளையின் பள்ளி மாறவில்லை என்று உறுதியானதும் மறுமாதக் கூட்டத்துக்கு ஒருவரும் போகவில்லை. தெற்கு ஃபோர்சைத்தில், நாம் நெருக்கமாக வாழும் பகுதியில், ஷாரன் ஸ்பிரிங்ஸ் என்று தனி நகரமே அமைக்கலாமா என்று 2018இல் வாக்கெடுப்பு நடந்தது. 54 விழுக்காடு ஆதரவு கிடைத்தும், 57.5 தேவை என்பதால் தோற்றது. எங்கள் தெருவில் இதைக் கேட்டால் "அப்படியா?" என்கிறார்கள்.

வாக்குரிமை உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இந்தக் கவுன்டியில் பெரும்பாலான பதவிகள் நவம்பரில் அல்ல, கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத உட்கட்சித் தேர்தலிலேயே முடிவாகிவிடுகின்றன. ஜார்ஜியாவில் கட்சியில் பதிந்துகொள்ளத் தேவையில்லை, எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று வாக்குச்சாவடியிலேயே கேட்டு வாங்கலாம். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் வாக்காளராகப் பதிவதே குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் கல்விக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருவதற்குக் குடியுரிமை தேவையில்லை.

"குழந்தைகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா?" என்பது இன்னொரு கேள்வி. நான் உசிலம்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவன். அங்கிருந்து சிறிது தூரத்தில் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து எழுப்பியிருந்த சுவரின் ஒரு பகுதி 2008இல் இடிக்கப்பட்டபோது, சென்னையில் உட்கார்ந்து செய்தித்தாளில் படித்தேன். பக்கத்திலேயே இருந்த சுவரைப் பற்றி வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஊர் என்றால் என்ன, சேரி என்றால் என்ன என்று எழுத்துக் கூட்டத் தொடங்கும் முன்பே தெரிந்துகொண்டு வளர்ந்த நாம், இங்கு வந்து ஒன்றும் தெரியாதவர்கள் போல நடக்கிறோம்.

கம்மிங் நகர மையத்தில் ராப் எட்வர்ட்ஸ் நினைவாக 2021 ஜனவரியில் ஒரு பலகை நட்டார்கள். நீல நிறம், பொன்னெழுத்து. நானும் மகளும் போன அன்று அதன் அடியில் யாரோ வைத்துவிட்டுப் போன வாடிய சாமந்திக் கொத்து கிடந்தது. மகள் ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படித்தாள். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் எங்களைத் தவிர யாரும் நின்று படிக்கவில்லை. துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு உள்ளூர்த் தேவாலயங்கள் சில சேர்ந்து கல்லூரி உதவித்தொகை தருகின்றன. அவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். நம் சங்கத்தின் வரவு செலவில் பட்டிமன்ற நடுவரின் விமான டிக்கெட்டுக்கு ஒதுக்குவதில் பத்தில் ஒரு பங்கையாவது அதற்குக் கொடுக்கலாம்.

இப்போது கேட்க வந்தது. இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் பானை பொங்கி, கும்மி முடிந்து, சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் கொடுங்கள். 1987 ஊர்வலத்தில் நடந்த ஒருவரைத் தேடி அழைத்து வருவது என் பொறுப்பு. மூத்த வகுப்புப் பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்கட்டும். அடுத்த ஆண்டு 'எங்கள் ஊர்' பாடத்தில் இந்த ஊருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுதித் தருகிறேன், ஆசிரியர்கள் திருத்தட்டும்.

நேரமில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை. விழாவுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு நானும் மகளும் அந்தப் பலகையருகே இருப்போம். எங்கள் வண்டியில் ஐந்து இடம் இருக்கிறது. சுக்குக் காப்பி கொண்டுவருகிறேன். குளிருக்குக் கையுறை மட்டும் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை