அக்காவுக்கு, ஓட்டு அட்ரஸ் மாத்தினத பத்தி

அக்கா,

வேற யாராவது வந்து சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். ஓட்டர் லிஸ்ட்ல அட்ரஸ் மாத்தற ஃபார்ம் 8 குடுத்துட்டேன். என் ஓட்டு, அம்மா ஓட்டு ரெண்டுமே இனிமே, நம்மள கொண்டாந்து குடி வெச்ச பெரும்பாக்கம் தான். போன்ல சொன்னா கட் பண்ணிடுவ, அதான் எழுதறேன். சங்கத்து ஆளுங்களும் இதப் படிப்பாங்க, அதனால யார் பேரையும் எடுக்கல, சில விஷயத்த தொடாமயே போறேன், உனக்குப் புரியும்.

பழைய ஏரியா ஓட்ட மட்டும் விட்டுடாதீங்கன்னு நீ சொன்னத யாரும் மறக்கல. 2022 பிப்ரவரி 19, மாநகராட்சி எலெக்‌ஷன் அன்னிக்கு சம்பளத்த விட்டுட்டு பஸ் மாறி மாறி சிந்தாதிரிப்பேட்டை வந்து ஓட்டு போட்டோமே, உன் ஒரு பேச்சுக்குத்தான். நம்மள கூவம் கரையிலேருந்து எடுத்தப்ப கேக்கறதுக்கு கவுன்சிலரே இல்லல்ல, 2016ல பதவி முடிஞ்சுது, அதுக்கப்புறம் 2022 வரைக்கும் எலெக்‌ஷனே வெக்கல. இருந்திருந்தா மட்டும் நிறுத்தியிருப்பாங்களான்னு கேப்ப. தெரியாதுக்கா. ஆனா போய் சத்தம் போட ஒரு வாசலாவது இருந்திருக்கும்.

இந்த வீட்டுக்குன்னு கைரேகை எடுத்த நாள் தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது. தண்ணி டேங்க் பக்கத்துல டேபிள் போட்டு லேப்டாப்போட உக்காந்தாங்க. காலைல பூரா வீடு வீடா போய் யாரும் விரல் வெக்காதீங்கன்னு சொன்ன. மத்தியானம் பாதி பேர் லைன்ல. அம்மாவும். ஊரு வீட்டு பாத்திரம் தேச்சு தேச்சு ரேகையே போயிடுச்சு அம்மாவுக்கு, மெஷின் எடுக்கவே மாட்டேங்குது, அந்தப் பையன் "அடுத்த ஆளு"ன்னுட்டான். நீ எங்கருந்து வந்தன்னே தெரியல, அம்மா கைய புடிச்சு முந்தானைல தொடச்ச, யார் வீட்டுலயோ ஒரு சொட்டு தேங்காயெண்ண வாங்கி கட்டவிரல்ல தேச்சு மறுபடி தொடச்சு உன் கையாலயே அழுத்தி வெச்ச. பச்ச லைட்டு வந்துச்சு. அன்னிக்கு நீ அழுத்தலன்னா எங்களுக்கு இந்த வீடு கூட இல்ல. இத எல்லார் முன்னாடியும் எழுதறது உனக்கு சங்கடமா இருக்கலாம், ஆனா பாத்த யாரும் உன்ன ஒரு வார்த்த தப்பா பேசல.

அன்னிக்கு அம்மாவுக்கு சரின்னு பட்டது இன்னிக்கு நான் செஞ்சா துரோகமா? அந்த வார்த்தைய நீ சொன்னதா என் காதுக்கு வந்துச்சு. நீ அங்கயே வாடகைக்கு இருந்துட்ட, உன்னால முடிஞ்சுது. ஏழாவது மாடிக்கு தண்ணிக் கேன் தூக்கிட்டு ஏறினது நாங்க. லேடீஸுக்கு பஸ் ஃப்ரீ தான், பழைய வேலைக்குப் போய் வர்ற நேரத்த யார் குடுப்பா? அம்மா மூணு வீட்டு வேலையும் விட்டாச்சு.

உனக்கு வலிக்கும்னு தெரியும்க்கா, அதுக்கு மன்னிச்சுடு. அட்ரஸ் மாத்தினதுக்கு கேக்க மாட்டேன்.

பெரும்பாக்கம் மாநகராட்சி இல்ல, செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு ஊராட்சி. ஊராட்சின்னா கிராம சபை இருக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருந்தா தான் அந்த சபைக்கு நாம உறுப்பினர். இத்தன ஆயிரம் குடும்பத்த கொண்டாந்து எறக்கியிருக்காங்க, எல்லாரும் ஓட்ட அங்கயே வெச்சிக்கிட்டு இருந்தா இங்க நமக்காக யார் கைய தூக்குவா? லிஃப்ட சரி பண்றது ஊராட்சி கையில இல்ல, தெரியும். ஆனா தீர்மானமா எழுதி வாங்கிட்டா மேல கொண்டுபோக ஒரு பேப்பர் இருக்கும்ல, ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்காம நகராதன்னு நீ சொல்லிக் குடுத்தது தானே.

எங்க பிளாக் பொம்பளைங்க ஆகஸ்ட் 15க்கு சேந்து போறோம். எவ்ளோ பேர் வருவாங்கன்னு தெரியல, ரெண்டு பேர் இப்பவே பின்வாங்குறாங்க. பழைய மனு ஃபைல், அந்த நீலக் கவர் போட்டது, உன்கிட்ட தான் இருக்கு. ஸ்கூல் மாத்தின பசங்க லிஸ்ட் அதுல இருக்கு, எனக்கு வேணும். நீயே எடுத்துட்டு வந்தா நல்லது. கோவம் போகலன்னா தம்பிகிட்ட குடுத்து அனுப்பு, ஆனா 10 தேதிக்குள்ள அனுப்பு.