முகத்தை வெளுக்க வேண்டாம், மகளே

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள்.

போன வாரம் கைப்பேசியில் நீ கேட்டதற்கு 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்வதற்குள் உன் ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்க அடுத்த ஆள் வந்துவிட்டார். இவ்வளவையும் வாட்ஸ்அப் புலனத்தில் துண்டு துண்டாக அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், இங்கிலாந்திலேயே பிறந்தவள், நடிப்புப் படிப்பை முடித்துவிட்டு முதல் முறையாக முகப்படம் எடுக்க உன்னிடம் வந்திருக்கிறாள். படங்களைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெள்ளையாக்கித் தர ஏலுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். பணம் தருகிறவள் அவள், முகமும் அவளுடையது, மறுக்க நான் யார் என்றாய். நீதான் மறுக்க வேண்டும், அம்மா. உன்னைத் தவிர வேறு யாரும் அவளுக்கு இதை எடுத்துச் சொல்லப்போவதில்லை.

அந்தப் படம் எதற்காக என்று நீ எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. ஸ்பாட்லைட் என்ற நடிகர் பட்டியல் 1927-இலிருந்து அங்கே வந்துகொண்டிருக்கிறது. முன்பு தடித்த புத்தகங்கள், இப்போது இணையம். நாடகத்துக்கோ தொலைக்காட்சித் தொடருக்கோ ஆள் தேடுகிறவர், திரையில் சின்னச் சின்ன முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். ஏதாவது ஒன்றில் கண் நின்றால் திறந்து பார்ப்பார், அப்புறம் கூப்பிடுவார். கூப்பிட்ட அன்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவர் அந்தப் படத்தில் இருந்தவராகவே இருக்க வேண்டும். வெளுத்த படத்தைக் கொடுத்துவிட்டு இந்தப் பெண் தன் நிறத்தோடு உள்ளே நுழைந்தால், வாய் திறப்பதற்கு முன்பே எதிரே இருப்பவர் மனதில் ஒரு குழப்பம் விழும். வசனத்தை எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் அந்தக் குழப்பத்தைத் தாண்டித்தான் அது போய்ச் சேர வேண்டும். இவளைப் போன்ற முகத்தையே தேடிக்கொண்டிருந்த ஒரு இயக்குநர், வெளுத்த படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்விடவும் கூடும். இதை அவள் யோசித்திருக்க மாட்டாள். சின்னப் பெண்தானே.

நம் ஊரில் பெண் பார்க்கக் கொடுத்தனுப்பும் படங்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து வந்து இறங்குவார்கள். கையில் இருக்கிற படத்தையும் எதிரே தட்டோடு நிற்கிற பெண்ணையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தவன், வெளுக்கிற வேலையைத் தொடவே மாட்டான். நெகட்டிவ்வில் பென்சில் தீற்றினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். கன்னம், நெற்றி, மூக்குத்தண்டு என்று தீற்றித் தீற்றி ஆளையே மாற்றிவிடுவார்கள். இதற்கென்றே பேர் வாங்கின கடைகள் அந்தக் காலத்தில் இருந்தன. நம் ஸ்டுடியோவில் நான் டச்சப் பென்சிலை எடுத்தது பருவுக்கும் கொசுக்கடிக்கும்தான். அடுத்த வாரம் மறையப்போகிற பரு படத்தில் மட்டும் ஏன் காலத்துக்கும் நிற்க வேண்டும்? ஆனால் நிறம் மறைகிற ஒன்றா?

நம் கடையில் கண்ணாடிக்குக் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்கும், உனக்குத் தெரியும். சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். வந்ததும் பவுடர்தான். கருத்த தோலில் பவுடரை அப்பிக்கொண்டு பிளாஷ் அடித்தால் சாம்பல் பூசினது போல இருக்கும். அதனால் ஈரத்துண்டு ஒன்று வைத்திருந்தேன். துடைத்துவிட்டு உட்காரச் சொல்வேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள், படம் கைக்கு வந்ததும் கோபம் போய்விடும். தோலில் இயல்பாக இருக்கிற எண்ணெய்ப் பளபளப்புதான் கருத்த முகத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுகிறது. வெளுத்த முகத்துக்கு நிழல் வடிவம் கொடுக்கும், கருத்த முகத்துக்கு ஒளிதான் கொடுக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

ஐசி, அதாவது அடையாள அட்டைக்கு எடுக்கிற படம்தான் நமக்குச் சோறு போட்டது. 2001-இல் மைகாட் என்ற புது அடையாள அட்டை வந்து, பதிவு இலாகாவிலேயே படம் பிடிக்கத் தொடங்கியபோது அந்த வரும்படி போயிற்று. அதுவரை அதில் நான் கற்றது கொஞ்சமில்லை. வெள்ளைச் சட்டை, வெளிர் பின்னணி, நடுவில் கருத்த முகம். ஒளியை அளக்கிற கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ளும், 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிற சாம்பல். வெள்ளை நிறைய இருந்தால் ஒளியைக் குறைக்கச் சொல்லும், முகம் கரியாகிவிடும். முகத்தை மட்டும் நெருங்கி அளந்தால் கூட்டச் சொல்லும், முகம் வெளிறிவிடும். கை மீட்டரை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அங்கே விழுகிற ஒளியை அளந்தால்தான் அந்த ஆள் அந்த ஆளாக வருவார். உன் கேமரா எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இதை மட்டும் அதன் பொறுப்பில் விடாதே.

கலர் வந்த பிறகு சங்கடம் கூடியது. கோடக் நிறுவனம் படம் அச்சிடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும், ஷெர்லி அட்டை என்று பெயர். 1950-களிலிருந்து அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக அச்சானால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று கணக்கு. பல நிறத்தவரையும் சேர்த்து அட்டை வந்தது 1990-களில்தான். பிலிமில் பழுப்பு நிறங்கள் ஓரளவு தெளிவாகத் தெரியத் தொடங்கியதற்குக் காரணம் என்ன தெரியுமா? சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் சரக்கின் நிறம் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று கோடக்கிடம் முறையிட்டார்கள். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மரத்தின் நிறத்துக்குப் பரிந்து பேச ஆள் இருந்திருக்கிறது, மகளே. இன்றைக்கு உன் கையில் இருக்கிற கருவியால் அவள் நிறத்தை அப்படியே பிடிக்க முடிகிறது. அதை வைத்துக்கொண்டு அழித்துக் கொடுப்பதா?

ரப்பர் தோட்டத்து நாடகங்களை நீ பார்த்ததில்லை. நீ பிறந்த காலத்தில் அதெல்லாம் ஓய்ந்துபோயிற்று, பால் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள், சனங்களும் பட்டணத்துக்கு இறங்கிவிட்டார்கள். அதற்கு முன்பு திருவிழாவுக்குத் திருவிழா மேடை ஏறும். எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, மேலே பலகை அடித்து, சேலையைத் திரையாகக் கட்டுவார்கள். ஒரு தோட்டத்தில் அரிச்சந்திரனாக நடித்தவர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகிறவர், இரவானால் ராஜா. நல்ல கருப்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மேடையில் பிளாஷ் அடித்தால் மேடை விளக்கு வெளிச்சம் செத்துப்போகும் என்று, 400 வேகப் பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டினேன். பொரிப்பொரியாக இருந்தாலும் அந்த மேடை அப்படியே வந்தது. அரிதாரம் பூசுவதற்கு முன்னால் அவரைத் தனியாகவும் ஒரு படம் எடுத்தேன். மயான காண்டத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் எடுத்ததைக் கவனிக்கவே இல்லை.

அவர் இறந்து பல வருடம் கழித்து, பத்திரிகையில் நினைவஞ்சலி போட அவர் குடும்பத்தார் படம் கேட்டு வந்தார்கள். வீட்டில் மாட்டியிருந்தது ஏதோ ஒரு ஸ்டுடியோவில் கலர் தீட்டி வெளுத்த படம். "இது யார்?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்களாம். நெகட்டிவ் பெட்டியைக் கிளறி நான் எடுத்ததை அச்சிட்டுக் கொடுத்தேன். மூத்த பேரன் படத்தைப் பார்த்தான், அப்புறம் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இன்னொன்றும் சொன்னாயே, நாடக மேடைகளைப் படம் எடுப்பதில் வரும்படி குறைவு, விட்டுவிட்டு முகப்படங்களை மட்டும் பார்க்கலாமா என்று. வாடகை கட்டுகிறவள் நீ, உன் கணக்கு உனக்குத்தான் தெரியும். இருந்தாலும் விடாதே என்றுதான் சொல்வேன். உன் முகப்படங்கள் மற்றவர்களுடையதைவிட உயிரோடு இருப்பதற்குக் காரணம், ஒத்திகை இருட்டில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்த பழக்கம். ஒருவர் வசனம் பேசும்போது மற்றவர் கேட்கிறாரே, அந்தக் கேட்கிற முகத்தை எப்போது பிடிப்பது என்று உனக்குத் தெரிகிறது. ஸ்டுடியோவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து அதைக் கற்க முடியாது.

மான்செஸ்டரில் இருக்கிற அந்த ராயல் எக்ஸ்சேஞ்ச் நாடக அரங்கை நீ அனுப்பிய படங்களில் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். பருத்தி வியாபாரம் நடந்த மண்டபம், 1968-இல் வியாபாரம் நின்றுபோனது, கடைசி நாள் விலை இன்னும் பலகையில் இருக்கிறது. அதற்குள்ளே 1976-இல் ஏழு பக்க அரங்கைக் கட்டியிருக்கிறார்கள். தரை பாரம் தாங்காது என்று நான்கு தூண்களிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். ரப்பர் விலை ஏறினால் கடன் அடைத்து, இறங்கினால் நகையை அடகு வைத்த ஊரில் பிறந்தவன் நான். அந்த விலைப் பலகையைப் பார்த்தால் எனக்கு ஏதோ செய்கிறது. அந்த அரங்கில் நாலா பக்கமும் சனம். நடிகர் முகத்துக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு முகம் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் படம் எடுக்கிற வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம். மீண்டும் ஒருமுறை கூப்பிடு, காசு வாங்காதே. பெரிய மென்மையான ஒளியைப் பக்கவாட்டில் வை, முகத்துக்கு நன்றாகக் கிட்ட. மறுபக்கம் வெள்ளை அட்டை ஒன்று. பின்னணி வெள்ளை வேண்டாம், நடுத்தரச் சாம்பலோ கரும்பச்சையோ போடு. முடி பின்னணியோடு ஒட்டிக்கொள்ளாமல் பின்னாலிருந்து லேசாக ஒரு விளக்கு. முகத்தில் பவுடர் வேண்டாம், கண்ணுக்குள் ஒளிப்பொட்டு விழுகிறதா என்று பார். எடுத்த பிறகு, வெளுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிக் காட்டு. வெளுத்ததில் மூக்கும் கன்னமும் ஒன்றாகக் கலந்து தட்டையாகக் கிடக்கும், இதில் முகம் எழுந்து நிற்கும். அவள் கண்ணே அவளுக்குச் சொல்லும். அழகாக இருக்கிறாய் என்று வாயாலும் சொல், அவளுக்கு அதை யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்படியும் அவள் சம்மதிக்கவில்லை என்றால் கோபப்படாதே. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நல்லபடியாகப் பேசி அனுப்பு. இந்த மாத வாடகைக்குக் குறைந்தால் உடனே எனக்குச் சொல், அண்ணனிடம் கேட்க வேண்டாம். அப்பாவிடம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா